டயர் வாங்கப் போன ஊர்

எங்கள் லார்க்கின் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், யாரும் விவாகரத்து செய்துகொள்வதில்லை. இதை நான் சொல்லவில்லை. கோர்ட் பதிவாளர் எல்வுட் ப்ரெக்கர் சொல்கிறார். கோர்ட் வாசல் கண்ணாடிக்குப் பின்னால், பள்ளிக்கூடம் ஜெயித்த கூடைப்பந்துக் கோப்பைக்குப் பக்கத்தில், அட்டையில் எழுதியே வைத்திருக்கிறார்: "இந்த ஆண்டும் விவாகரத்து வழக்கு எதுவும் பதிவாகவில்லை." கவர்னர் வந்தால் காட்டலாமே என்று அட்டைக்கு மரச்சட்டமும் போட்டாயிற்று. கவர்னர் எங்கள் கவுண்டியை இதுவரை விமானத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

நவம்பரில் தேர்தல். எல்வுட்டை எதிர்த்து எப்போதும் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய பலகை நட்டிருந்தார். மேல் வரியில் "ஒரே மனைவி", கீழ் வரியில் "ஒரே முத்திரை", நடுவில் அவர் முகம்.

இந்த நேரத்தில்தான் நோரீன் அண்ணிக்குக் கல்யாணம் வந்தது.

நோரீன் ஒரு காலத்தில் என் அண்ணன் டாய்லின் மனைவி. அவர்கள் பிரிந்தபோது ஃப்ரீசர் யாருக்கு, நாய் யாருக்கு என்றெல்லாம் பேச்சு நடந்தது. நாத்தனார் நான் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே அண்ணி பக்கம் போய்விட்டேன். அண்ணியை இப்போது கட்டிக்கொள்ள வந்திருப்பவர் டெல்மர் நைகார்ட். கோதுமை விவசாயி, அறுபதை நெருங்கும் பிரம்மச்சாரி. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அண்ணிக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் தலையின் பின்புறத்தையே பார்த்துப் பார்த்து, பதினோராவது வருடம் வாயைத் திறந்தவர்.

"இந்த சனிக்கிழமை தவறிச்சுன்னா போச்சு பெவ்," என்றாள் அண்ணி என்னிடம். "விதைப்பு வந்துடும். மனுஷன் டிராக்டர்ல ஏறினா இறங்க மாட்டாரு. இறங்கி யோசிக்க ஆரம்பிச்சா இன்னும் பதினோரு வருஷம்."

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் கல்யாண லைசென்ஸ் வாங்க கோர்ட்டுக்குப் போனோம். கல்யாணம் எந்தக் கவுண்டியில் நடக்கிறதோ அங்கேதான் லைசென்ஸும் எடுக்க வேண்டும். எல்வுட் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினார்.

"முன்பு மணமானவர்கள், விவாகரத்துத் தீர்ப்பின் முத்திரையிட்ட நகலைச் சமர்ப்பித்தல் வேண்டும். புதிய விதி."

"எல்வுட், எனக்கு விவாகரத்து ஆனது ஊருக்கே தெரியும். எங்க ஃப்ரீசரை வாங்கினதே நீதானே?"

"எல்வுட் என்ற தனிமனிதனுக்குத் தெரியும். ஃப்ரீசர் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பதிவாளருக்குத் தெரியாது."

அவர் எழுந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். பூசைக்குப் போகிற பாதிரியார்கூட அவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார். இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை.

"இல்லை. இந்தக் கவுண்டியின் பதிவுகளைப் பொறுத்தவரை நீங்கள் இன்றும் திருமதி டாய்ல் ஹௌகன்."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். 

கேஸை நடத்திய வக்கீல் செத்துப்போய் வெகுநாள். மிச்சமிருந்தது என் அண்ணன்தான். போன் செய்தேன். கல்யாண விருந்துக்காகப் பன்றித் தொடைகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தான். முன்னாள் மனைவியின் கல்யாணத்துக்கு அவன்தான் சமையல். எங்கள் ஊரில் இறைச்சியைப் புகையில் வாட்டத் தெரிந்தவன் வேறு யாருமில்லை; யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"லார்க்கின் கோர்ட்லயா தேடினீங்க?" என்று சிரித்தான். "லார்க்கின்ல எவனாவது கேஸ் போடுவானா? வெள்ளிக்கிழமை போட்டா அடுத்த வியாழக்கிழமை பேப்பர்ல கோர்ட் செய்தில வந்துடும். அம்மா அதைத்தான் முதல்ல படிப்பாங்க. நான் பக்கத்து கவுண்டில, டன்மோர்ல போட்டேன்."

"டன்மோருக்கு எப்படா போன?"

"டயர் வாங்கப் போனேன்ல, அப்பத்தான்."

அண்ணி போனைப் பிடுங்கினாள். "ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்கவே இல்லையே நோரீன். சமையல் மேசையில கையெழுத்துப் போட்டுட்டு 'சீக்கிரம் கொண்டு போ'ன்னுதானே சொன்ன?"

அவள் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

டன்மோர் கோர்ட்டுக்குப் போன் செய்தோம். இரண்டு பேர் பெயர், உத்தேசமாக வருடம், அடையாள அட்டை நகல், தபால்தலை ஒட்டிய உறை எல்லாம் வைத்துக் கடிதம் போட்டால் பத்து நாளில் வரும். நேரில் வந்தால் கையோடு கிடைக்கும் என்றது ஒரு பெண் குரல். மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணியை என் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் டெல்மர் தன் வீட்டு வாசலில் நின்று கையசைத்தார். அவருக்குப் பின்னால் டிராக்டர் தெரிந்தது. அண்ணி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டன்மோர் கோர்ட்டில் வரிசை நீளமாக இருந்தது. பாதிக்கு மேல் எங்கள் ஊர் ஆட்கள். கால்பந்துப் பயிற்சியாளர் எங்களைக் கண்டதும் சுவரில் தொங்கிய நாள்காட்டியை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். வங்கி மேனேஜர் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"டயர் வாங்க வந்தேன்," என்றாள்.

"நாங்களும்தான்," என்றேன்.

அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்பதில்லை. இது எங்கள் மரியாதை. டன்மோரில் பார்த்ததை டன்மோரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம். எங்கள் ஊரின் கட்டுக்குலையாத குடும்ப வாழ்க்கை இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வருகிறது. அந்த ஊர் டயர்க் கடைக்காரர் இரண்டாவது கிளை திறந்ததிலும் எங்கள் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி மட்டும் திரும்பி நேராகப் பார்த்தாள். ஆர்லிஸ் ப்ரெக்கர். எல்வுட்டின் மனைவி. பலகையில் மேல் வரி.

என் வாய் தானாகச் சொன்னது. "டயரா, ஆர்லிஸ்?"

"புருஷன்," என்றாள் ஆர்லிஸ். "பழைய புருஷனோட காகிதம் வேணும், புது புருஷனைக் கட்ட."

நாள்காட்டியிலிருந்து பயிற்சியாளரின் கண் சட்டென்று நகர்ந்தது.

"எல்வுட்டா பழைய புருஷன்?" அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்பது வருஷமா. நான் கீழ் அறையில இருக்கேன், அவன் மாடியில. தேர்தல் வரைக்கும் வெளியில சொல்ல வேண்டாம்னான். தேர்தல் முடிஞ்சது. அடுத்த தேர்தல் வரைக்கும்னான். இப்ப கால்நடை டாக்டர் லெஸ்டர் என்னைக் கேட்டாரு. புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுல எல்வுட்கிட்ட சொன்னேன், லைசென்ஸ் வேணும்னு. மறுநாள் காலையில சுவத்துல புது விதி ஒட்டியிருக்கு."

"அப்ப அந்த விதி..."

"எனக்குப் போட்ட வேலிடி. உங்க காலும் மாட்டிக்கிச்சு. டன்மோர் வரைக்கும் வர வெட்கப்படுவேன்னு நினைச்சுட்டான்."

அண்ணி சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கவுண்டரில் இருந்த ரோண்டா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "லார்க்கினா?" என்றாள். "உங்களுக்குத் தனி இழுப்பறை. எந்த வருஷம்?"

அண்ணி, டாய்ல் போனில் உத்தேசமாகச் சொல்லியிருந்த வருடத்தைச் சொன்னாள். ரோண்டா போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். அண்ணியின் கண் கடிகாரத்துக்குப் போனது.

"உங்க ஊர் ஆம்பளைங்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது. அப்ப என்ன வண்டி வெச்சிருந்தாருன்னு கேளுங்க."

போன் செய்தேன். "பச்சை ஃபோர்டு," என்றான் டாய்ல் யோசிக்காமல். "அப்பத்தான் வாங்கின பழைய வண்டி. முன்பக்க டயர் ரெண்டும் மாத்தின வருஷம். நாலையும் மாத்தணும்னுதான் நினைச்சேன், வக்கீல் ஃபீஸ் கட்டினதால ரெண்டோட நின்னுடுச்சு."

பச்சை ஃபோர்டை அவன் வாங்கியது அவன் சொன்ன வருடத்துக்கு அடுத்த வருடம். ரோண்டா மறுபடி போனாள். காகிதத்தோடு வந்தாள். அதில் அவள் முத்திரையை அழுத்திய சத்தம் எனக்குத் தேவாலய மணி மாதிரி கேட்டது.

"ஆமா, உங்க ஊர்க்காரங்க இதுக்கெல்லாம் எங்க போவாங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த கவுண்டிக்கு," என்றாள் ரோண்டா, ஊசியை எடுத்துக்கொண்டே. "அங்க பேட்டரி மலிவு."

திரும்பும் வழியில் சாலை வேலைக்காரர்கள் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அண்ணி நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தாள். டெல்மரின் வீட்டைக் கடந்தபோது எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் அவருடைய வண்டியைக் காணவில்லை. "மனசு மாறிப் போயிட்டாரு," என்றாள்.

கோர்ட்டை அடைந்தபோது ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளே பெஞ்சில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தார். முழங்காலில் தொப்பி.

"எப்ப வந்தீங்க?" என்றாள் அண்ணி.

"நீங்க கிளம்பினதும்," என்றார் டெல்மர். "எல்வுட் மூணு தடவை வீட்டுக்குப் போகச் சொன்னாரு. ஒருத்தியோட தலையின் பின்பக்கத்தைப் பாத்துப் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கேன். வெறும் சுவரைப் பாத்து ஒரு நாள் உட்கார முடியாதா?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எல்வுட் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். முகர்ந்தும் பார்த்திருப்பார், ஆனால் பக்கத்தில் உள்ளூர்ப் பேப்பர் நிருபர் மேவிஸ் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் வந்து அந்த வாரக் கல்யாண லைசென்ஸுகளையெல்லாம் குறித்துக்கொண்டு போவது வழக்கம்.

"இதில் கையொப்பமிட்டிருப்பவர் துணைப் பதிவாளர்," என்றார் எல்வுட். "பதிவாளர் அல்லர். இதை ஏற்கலாமா என்பது ஆராயப்பட வேண்டிய..."

"கையெழுத்து சரிதான் எல்வுட்." எங்களுக்குப் பின்னாலேயே வண்டியில் வந்திருந்த ஆர்லிஸ் கதவருகே நின்றாள். "நம்ம காகிதத்துலயும் அதே கையெழுத்துதான்."

மேவிஸின் பென்சில் நின்றுவிட்டது.

எல்வுட் அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததை யாரும் பார்த்ததில்லை. அண்ணியின் லைசென்ஸ் தயாரானது, டெல்மர் கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது, "வாழ்த்துகள், அடுத்து" என்ற குரலும் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அடுத்து யார் என்று அவருக்கு உறைத்தது.

ஆர்லிஸ் தன் காகிதத்தை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. குரல் இறங்கி, முதல் தடவையாக மனிதக் குரலாக வந்தது.

"ஆர்லிஸ், தேர்தல் முடியட்டுமே."

"எந்தத் தேர்தல், எல்வுட்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தைத் தாண்டிவிட்டது. "அலுவலகம் மூடப்பட்டது," என்றார் மெல்ல.

"சரி. திங்கக்கிழமை லெஸ்டரோட வரேன். மேவிஸ், நீயும் வா."

"வராம இருப்பேனா," என்றாள் மேவிஸ்.

சனிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. டாய்லின் பன்றித் தொடை எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. டெல்மர் இந்தத் தடவை அண்ணியை முன்பக்கமிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்ததில் பாதிரியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறந்து, அண்ணி முழங்கையால் இடித்த பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை ஆர்லிஸுக்கும் லைசென்ஸ் கிடைத்தது. அன்று சாயங்காலம் நெடுஞ்சாலைப் பலகையின் மேல் பாதி ரம்பத்தால் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. எல்வுட்டின் முகவாயும் அதற்குக் கீழே "ஒரே முத்திரை" என்பதும் மட்டும் மிச்சம். ஆர்லிஸின் லைசென்ஸ் செய்தி வந்த வியாழக்கிழமை பேப்பரை ஊரே படித்தது. நவம்பரில் எல்வுட் இதுவரை வாங்காத அளவு ஓட்டு வாங்கி ஜெயித்தார். டன்மோரின் அந்தத் தனி இழுப்பறையில் தங்கள் காகிதமும் கிடக்கிறவர்கள், இவரும் நம்ம ஆள்தான் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்கள். வாசல் அட்டை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதும் பொய்யில்லை.

ஒரு சங்கடம் மட்டும் நேர்ந்தது. விதைப்பு முடிந்ததும் டெல்மரும் அண்ணியும் டன்மோர் சாலையில் போவதை வங்கி மேனேஜர் மனைவி பார்த்துவிட்டாள். மாலைக்குள் என் வீட்டுக்கு நான்கு பேர் கேக்கோடு துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். டெல்மரும் அண்ணியும் நிஜமாகவே டயர் வாங்கத்தான் போனார்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை.