மரிக்கொழுந்து வேலி

சண்முகையா அண்ணாச்சிக்கு இமையில் தேனீ கொட்டியது வாஸ்தவம். கண் பன் மாதிரி வீங்கியதும் வாஸ்தவம். அதற்காக மாரித்தாயின் பிழைப்பில் கை வைப்பதா? நல்ல கதையாக இருக்கிறதே!

அண்ணாச்சி சங்கரன்கோவிலில் ஆறு வீடுகள் கொண்ட வளவுக்குச் சொந்தக்காரர். முன்வீட்டில் அவர் குடியிருக்கிறார். இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாரித்தாய். வளவின் நடுவே ஒரு வேப்பமரம். காலையில் மார்க்கெட்டிலிருந்து பிச்சியும் மல்லியும் வந்ததும் ஈரச்சாக்கை விரித்து அந்த நிழலில்தான் அவளும் நாத்தனார் வேல்விழியும் பூத்தொடுப்பார்கள். வீட்டுக்குள் ஆகாது. தகரக்கூரைச் சூட்டில் மொட்டெல்லாம் பத்து மணிக்கே விரிந்துவிடும். விரிந்த பூவை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? மரத்தடி போனால் தொழில் போச்சு.

"பூ கெடக்கப்போயித்தான தேனீ வருது? பங்குனி முடியுமுன்ன எடத்தக் காலி பண்ணிரு. இல்லன்னா மருந்தடிக்க ஆளக் கூட்டியாந்துருவேன்" என்றார் அண்ணாச்சி, ஒற்றைக் கண்ணால் முறைத்தபடி.

மாரித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்தடிச்ச பூவ கோமதி அம்மனுக்குப் போடச் சொல்லுதீகளா? தேனீயும் என்னைய மாதிரி வயித்துப்பாட்டுக்குத்தான் வருது. கொல்லாம வெரட்டுதேன், பாருங்க."

"வெரட்டு, பாப்பம்."

இருபது வருஷமாகப் பூவோடு கிடப்பவளுக்கு ஒன்று தெரியும். பிச்சிக் குவியலில் மொய்க்கிற தேனீ, மரிக்கொழுந்து கிடக்கும் கூடைக்கு வந்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். அந்த வாசம் நமக்குத்தான் பிரியம், அதற்கு ஆகாது. துளசித்தழை வாசமும் அப்படித்தான். மேலநீலிதநல்லூரில் பூந்தோட்டம் வைத்திருக்கும் சங்கரபாண்டியிடம் நாற்று வாங்கினாள். பழைய பெயிண்ட் பக்கெட்டுகள் பதினாலில் மரிக்கொழுந்தும் துளசியும் மாற்றி மாற்றி நட்டு, மரத்தடியைச் சுற்றி வைத்தாள்.

முதலில் மானம் போயிற்று. துளசி கதிர் விட்டதும், அழைப்பிதழ் வைத்ததுபோலத் தேனீக்கள் கூட்டமாக வந்துவிட்டன. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாரித்தாய் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கதிரையெல்லாம் கிள்ளி எறிந்தாள்.

"துளசியப் போயி இப்படிக் கிள்ளலாமா மதினி?" என்றாள் வேல்விழி.

"கிள்ளுனாத்தாம்ட்டி தழையும். பூக்கவிட்டா நம்ம கத முடிஞ்சுது."

அன்றிலிருந்து பூ விற்றுச் சாப்பிடுகிறவள் பூக்கவிடாமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். பங்குனி பிறந்தது. மரிக்கொழுந்து முழங்கால் உயரம் தழைத்தது. தேனீ வரவே இல்லை என்று புளுகக்கூடாது. ஒன்றிரண்டு வந்தன, உட்காராமல் உச்சியில் இருந்த வேப்பம்பூவுக்கே போய்விட்டன. வளவுப் பெண்கள் பிள்ளைகளோடு அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

பங்குனிக் கடைசியில் அண்ணாச்சி ஒரு நாற்காலியோடு வந்தார். நடுநிழலில் போட்டு, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க. இனிமே நானும் கூட்டாளிகளும் இங்கன உக்காந்துக்கிடுதோம். நீ வேற எடம் பாத்துக்கோ."

ஆக, தேனீ ஒரு சாக்கு! மாரித்தாய் எழுந்து இடுப்பில் சேலையைச் செருகினாள்.

"பக்கெட்டு பதினாலும் என்னது. செடியும் என்னது. மரமும் தேனீயும் உங்களுது. நல்லா வச்சுக்கோங்க!"

அத்தனையையும் தூக்கித் தன் வாசலில் அடுக்கினாள். அங்கே நிழல் கிடையாது. அன்றைக்குத் தொடுத்ததில் பாதி மலர்ந்துபோய்க் கடையிலிருந்து திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. இரவு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதாளே தவிர, போய்க் கெஞ்சவில்லை. அவளா கெஞ்சுவாள்?

மூன்றாம் நாள் அண்ணாச்சி கூட்டாளிகளுக்கு மரத்தடியில் அல்வாவும் கருப்பட்டிக் காப்பியும் வைத்தார். தித்திப்பு வாசத்துக்குத் தேனீ முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. ஒருவர் துண்டால் தலையை மூடிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். இன்னொருவர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். அண்ணாச்சி வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தும்முன் காதில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

சாயந்தரம் காதில் சுண்ணாம்போடு மாரித்தாயின் வாசலில் வந்து நின்றார். "ஏ மாரித்தாயி, அந்தப் பக்கெட்ட மட்டும் பழையபடி வச்சிரு."

"பக்கெட்டு தனியா வராது அண்ணாச்சி. நானும் வருவேன், என் சாக்கும் வரும். இனி ஒருநாளும் எந்திரின்னு சொல்லமாட்டேன்னு வளவே கேக்கச் சொல்லுங்க."

மற்ற வாசல்களிலெல்லாம் தலைகள் தெரிந்தன. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரி, இருந்துக்கோ" என்றார், பாதி விழுங்கி.

"கேக்கலயே!" என்றாள் வேல்விழி உள்ளேயிருந்து.

"இருந்துக்கோ தாயி! ஒன்னைய யாரும் எந்திரிக்கச் சொல்லமாட்டோம்!"

மாரித்தாய் இருப்பதிலேயே கனமான பக்கெட்டாகப் பார்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பம் புடிங்க. இன்னும் பதிமூணு இருக்கு."