துரை வாங்கிக்கொண்டது

எங்கள் ஊர் வீரய்யா மற்றவர்களைப் போல அய்யனாருக்கு ஒரு மண்குதிரை எடுத்து வைத்திருக்கலாம். மண்குதிரைக்கு அரிப்பு வராது. ஆனால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அவன் வேண்டிக்கொண்டது உயிருள்ள குதிரை. எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்து ஓய்ந்துபோன ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்து கோயிலில் கட்டினான். மாலை போட்டான், கூட நின்று படம் எடுத்துக்கொண்டான், மறுபடி விமானம் ஏறிவிட்டான். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கோயிலை ஒட்டி என் வயலும் போர்செட்டும். "தண்ணி ஒங்கிட்டதானே கெடக்கு குணசேகரா, நீயே பாத்துக்க" என்று ஊரார் குதிரையை என் தலையில் கட்டினார்கள்.

கட்டிய பிறகு பிடித்துப்போய்விட்டது, அதுதான் வினை. அதன் நிறத்தைப் பார்த்து என் மகள் ரம்யா 'துரை' என்று பெயர் வைத்தாள். துரையும் துரை மாதிரியேதான் நடந்துகொண்டது. நான் புல் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், என் மனைவி திலகவதி கொண்டுபோனால் தோளில் தாடையை வைத்துக்கொண்டு தின்னும்.

சாமிக்கு விட்ட உயிருக்கு யார் எது கொடுத்தாலும் தடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் காளைக்கும் அப்படித்தான். நிலக்கடலை விளைகிற மண் இது, வருகிறவர்கள் கையில் இருப்பதும் கடலைதான்.

மேலத்தெரு சொர்ணவல்லியின் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பும் சொறியுமாக இருந்தது. அவள் ஊறவைத்த கடலையைக் கொண்டுவந்து துரைக்குக் கொடுத்து வேண்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே துரையின் கழுத்திலும் விலாவிலும் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகத் தடிப்பு கிளம்பியது. வேப்பமரத்தில் உரசி உரசி முடி கொட்டி, தோல் சிவந்துவிட்டது. அந்த வாரமே பையனுக்குக் குணமாயிற்று. டவுனில் காட்டி மாத்திரையும் களிம்பும் வாங்கியது அவளுக்கே மறந்துபோனது.

"எம்புள்ள நோவ சாமி குதிர வாங்கிக்கிச்சு" என்று தெருத்தெருவாகச் சொன்னாள்.

அவ்வளவுதான். மூட்டுவலிக்குக் கடலை, கோர்ட்டு கேசுக்குக் கடலை, விசா வரவில்லை என்றாலும் கடலை. கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடிப்பு எழுந்தால் வேண்டுதல் ஏறிவிட்டது என்று அர்த்தம். எழ நேரமானால் இன்னும் இரண்டு பிடி கொடுப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஆளாளுக்கு ஒரு அறை விட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் மாமன் மச்சான், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியவர்கள்.

கால்நடை டாக்டர் சிவரஞ்சனியைக் கூட்டிவந்தேன். தடிப்பைத் தடவிப் பார்த்து, தின்றதையெல்லாம் கேட்டு, கொஞ்ச நாள் வெறும் புல்லும் சோளத்தட்டையும் மட்டும் போடச் சொன்னார். போட்டோம். தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. யாரோ வேலிக்கு மேல் ஒரு பிடி கடலையை வீசினார்கள், மறுபடியும் வந்துவிட்டது.

"இதுக்குக் கடலை ஆகாதுங்க. கடலைப் புண்ணாக்கு, கடலைக்கொடி எதுவும் ஆகாது. இப்ப ஒதட்டுலயும் வீக்கம் தெரியுது. அடுத்து தொண்டைக்குள்ள வீங்குச்சுன்னா மூச்சு அடைச்சிரும். நான் வண்டிய எடுத்துட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டி அதையே அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். மரியாதையாகக் கேட்டார்கள்.

"சரிதாங்க டாக்டரம்மா" என்றார் பெரியவர் பிச்சை. "நம்ம சீக்கு அம்புட்டையும் அது வாங்குதுல்ல, மூச்சு முட்டத்தானே செய்யும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது.

ரம்யாவுக்கு ஒரு யோசனை வந்தது. காலேஜ் படிக்கிற பிள்ளை, வீடியோவில் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடலாம் என்று நம்புகிறவள். துரையின் தடிப்புகளைப் பக்கத்தில் போய் எடுத்து, "தயவுசெஞ்சு கடலை போடாதீங்க, செத்துரும்" என்று அழாத குறையாகப் பேசி வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினாள். பார்த்தவர்கள் பேச்சை விட்டுவிட்டார்கள், தடிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை திருமயத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு கடலை மூட்டையோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் காவல் இருந்தோம். கோயிலை விட்டு என் கொட்டகைக்குள் துரையை மாற்றி, கதவுக்குப் பூட்டும் போட்டேன். ஊர் முணுமுணுத்தது. திலகவதிதான் வாசலில் உட்கார்ந்து எல்லாரிடமும் வாய் கொடுத்தாள். "ஒங்க வேண்டுதல எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க, நா சாமிகிட்டச் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிக் கடலையை வாங்கி வைத்துக்கொள்வாள். துரைக்கு முடி முளைக்க ஆரம்பித்தது. எனக்கும் தெம்பு வந்தது.

அப்போதுதான் ரம்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். புதுக்கோட்டையில் சேர்த்தோம், அங்கிருந்து திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் திலகவதியும் மாறி மாறி நின்றோம். டாக்டர்கள் வெளியே வரும்போதெல்லாம் "பாப்போம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெற்றவர்கள் என்ன செய்ய முடியும். துரைக்குத் தண்ணீர் காட்ட நான் ஊருக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனபோது திலகவதி அங்கே நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தலை கலைந்திருந்தது. கையில் ஒரு தூக்குவாளி. மூடியைத் திறக்காமலே எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

"பிள்ளகிட்ட யாரு?"

"எந்தங்கச்சி இருக்கா. கதவத் தொறங்க."

"திலகா, ஒனக்குத் தெரியாதா? டாக்டரம்மா சொன்னப்ப நீயும்தானே நின்ன?"

"எல்லாந் தெரியும். கடலைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லைன்னுந் தெரியும்." பூட்டைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுக்கிட்டு நா என்னங்க பண்ண? இன்னுங் கொறஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. வேற என்ன இருக்கு நம்ம கையில? தொறங்க."

ஊருக்கே சொன்ன பதில்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. பூட்டைத் திறந்தேன்.

துரை அவள் காலடிச் சத்தத்துக்கே கனைத்தது. வந்து தோளில் தாடையை வைத்தது. அவள் கை நிறைய அள்ளி நீட்டினாள். இத்தனை நாள் கடலை அண்டாமல் காவல் இருந்த கை அது, துரை முகர்ந்துகூடப் பார்க்காமல் தின்றது. திலகவதி ஒரு கையால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே அழுதாள். வாளி காலியானது.

நான் செல்போனில் டாக்டர் சிவரஞ்சனியின் நம்பரை எடுத்தேன். இப்போதே கூப்பிட்டால் வந்து ஊசி போட்டுவிடுவார், பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஊசி போட்டால் தடிப்பு எழாமல் அமுங்கிவிடும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.