நாலாம் நாள் கோயில்

காலை எட்டரைக்கு வீட்டுப் போன் அடித்தபோது விநாயகமூர்த்தி மேலே குளித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தங்கேஸ்வரிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது ஒன்றுதான். பெட்டிகள் இரண்டும் வாசலில் நின்றன. ஒன்பதுக்கு ரக்சி வரும். ஒன்றே காலுக்கு ரோக்கியோ விமானம். இந்த நேரத்தில் யார் என்று யோசித்துக்கொண்டே எடுத்தாள்.

ஒஷாவாவிலிருந்து கிருபன். புருஷன் விநாயகமூர்த்தியின் பெரியப்பா மகன் சண்முகநாதனுடைய மகன்.

"சித்தி, அப்பா விடிய அஞ்சு மணிக்கு மோசம் போட்டார். சித்தப்பாட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

இருதயம் என்றான். இரண்டு நாளாய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததாம், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறார்களாம். தங்கேஸ்வரி கேட்கவேண்டியதையெல்லாம் முறையாகக் கேட்டாள், பிள்ளைக்கு ஆறுதல் சொன்னாள், ஓம் சொல்லுறன் என்று வைத்தாள். மேலே இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொல்வதில்லை என்று தீர்மானிக்க அவளுக்கு அந்தக் குளிப்பு முடியும் நேரம்கூடத் தேவைப்படவில்லை.

சண்முகநாதனும் விநாயகமூர்த்தியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல வளர்ந்தவர்கள். விநாயகமூர்த்தியின் மகள் துர்க்கா பெரியபிள்ளையானபோது அடித்த சாமத்திய வீட்டுக் கார்ட்டில் தன் பெயர் விடுபட்டுப்போனதென்று பதினெட்டு வருசத்துக்கு முந்திச் சண்முகநாதன் கோபித்துக்கொண்டார். இவரும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. இவர்கள் இருக்கிற ஸ்ரௌவ்விலுக்கும் ஒஷாவாவுக்கும் காரில் நாற்பது நிமிச ஓட்டம். பதினெட்டு வருசத்தில் இரண்டு பேருக்கும் அந்த நாற்பது நிமிசம் கிடைக்கவில்லை.

ஆனால் சாவுத் துடக்கு கோபதாபம் பார்க்காது. தகப்பன்வழிப் பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள். கோயில் வாசல் மிதிக்கக்கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது, கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது. தங்கேஸ்வரியின் கூடப்பிறந்த தம்பி செத்தபோது, கட்டிப்போனவளுக்கு மூன்று நாள் போதும் என்று இந்தக் குடும்பம்தான் தீர்ப்புச் சொன்னது. நாலாம் நாள் அவளைக் கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட இருத்தினார்கள். அழுது அழுது வெட்டினாள். வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பழிவாங்க அவள் செய்தியை மறைக்கவில்லை. மகளுக்காக மறைத்தாள்.

துர்க்கா ஜப்பானில் ஒரு மலைநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஒரு வருசத்துக்கென்று போனவள், ஐந்து வருசமாய் அங்கேயே நிற்கிறாள். மூன்று வருசத்துக்கு முந்தி, நவோக்கி என்று அந்த ஊர்ப் பெடியன் ஒருவனைக் கட்டப்போவதாகத் தகப்பனுக்குச் சொன்னாள். சாமி தெரியாத, சடங்கு தெரியாத ஆக்களோடு சம்பந்தமோ என்று அவர் கேட்டார். அதுதான் மகளோடு அவர் கடைசியாகப் பேசிய வார்த்தை. பிள்ளையும் கலியாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

போன மாசி மாதம் துர்க்கா ஒரு பட்டியல் அனுப்பினாள். அதில் வாங்கோ என்றும் இல்லை, போங்கோ என்றும் இல்லை. எட்டு நாளுக்கு அந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டிய இடங்கள், அவ்வளவுதான். முதலாம் நாள்: முந்நூறு வருசத்துக்கு முந்தி மலையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால், இன்றைக்கும் அதில் தண்ணீர் வந்து வயலுக்குப் பாய்கிறது. இரண்டாம் நாள்: சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருத்தி எழுப்பிய கோட்டை மதில், கோட்டை எரிந்துபோனது, மதில் நிற்கிறது. மூன்றாம் நாள்: புல் வேய்ந்த பழைய வீடுகள், அடுப்புப் புகை ஏறிக் கறுத்த கூரை வளைகள். நாலாம் நாள்: அறுநூறு வருசத்து மரங்கள் நிற்கிற ஒரு கோயில். பிறகு கைவிட்ட வெள்ளிச் சுரங்கம், பலகையால் கட்டிய கூத்துக் கொட்டகை என்று போனது.

விநாயகமூர்த்தி கனடாவுக்கு வரமுதல் வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். இங்கே இருபத்தாறு வருசம் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் நின்று இளைப்பாறியும், தண்ணீர் எங்கே எப்படி ஓடுகிறது என்ற யோசனை அவரை விடவில்லை. மகள் வாய்க்காலை முதலாம் நாளில் போட்டது தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்ப முடியாது. தகப்பனைத் தெரிந்த பிள்ளை. இரண்டு கிழமை அந்தக் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டு பக்கமும் இருந்து குடைந்துகொண்டு போனவர்கள் நடுவில் எப்படிச் சந்தித்தார்கள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இடம் பாக்கத்தான் வாறன். ஆரையும் பாக்க இல்லை."

தங்கேஸ்வரிக்கு அது போதும். இடம் பார்க்கப் போகிற மனிசன் இடம் காட்டுகிறவளையும் பார்க்கத்தானே வேண்டும். ஆனால் துடக்கு என்று கேட்டால் அந்த நிமிசமே பெட்டியை உள்ளே இழுத்துவிடுவார். ஒரு சாட்டுக் கிடைக்காதா என்று அவருடைய மனத்தில் பாதி இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு விட்டால் இனி இன்னொரு பட்டியலுக்கு அவர் மசியமாட்டார். அதனால் அவள் வீட்டுப் போனின் வயரைக் கழற்றினாள். அவருடைய கைப்போனை நிற்பாட்டித் தன் கைப்பைக்குள் போட்டாள். குளித்துவிட்டு வந்து தேடியவரிடம், பத்திரமாய் என்னிடம் இருக்கு, பாஸ்போர்ட்டை மட்டும் பாருங்கோ என்றாள்.

ரக்சிக்காரர் தம்பிமுத்து தமிழ் வானொலி இல்லாமல் வண்டி ஓட்டாத ஆள். 407 நெடுஞ்சாலையில் ஏறும்போது சரியாக மரண அறிவித்தல் தொடங்கியது. தலையிடிக்கிறது, கொஞ்சம் நிற்பாட்டுங்கோ என்றாள் தங்கேஸ்வரி. அவர் பாவம் என்று சத்தத்தை மட்டும் குறைத்தார். முதலாவது ஸ்காபரோ. இரண்டாவது லண்டன். மூன்றாவது அறிவித்தலில் "ஒஷாவாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று வந்தது.

விநாயகமூர்த்தி முன்னுக்குச் சரிந்தார். "தம்பி, உதைக் கூட்டிவிடுங்கோ."

தம்பிமுத்து கூட்டிவிட்டார். தங்கேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வானொலிக்காரி ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, ஊர்ப் பெயரைச் சொன்னாள், தெருப் பெயரைச் சொன்னாள், பிறகு "திருமதி" என்றாள். யாரோ ஒரு புண்ணியவதி. போய்ச் சேர்ந்தவளுக்கு மனத்துக்குள் கும்பிடு போட்டாள் தங்கேஸ்வரி.

"ஒஷாவா எண்டோன்ன எனக்கு ஒரு மாதிரிப் போட்டுது," என்றார் விநாயகமூர்த்தி. அதற்குப் பிறகு விமான நிலையம் வரைக்கும் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போய் உட்காரப் பன்னிரண்டாகிவிட்டது. ஏற இன்னும் முப்பத்தைந்து நிமிசம் இருந்தது. அவர் பட்டியலை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். ஏறிவிட்டால் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு எந்தச் செய்தியும் வராது என்று தங்கேஸ்வரி நிமிசத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய போன் நடுங்கியது. மகள். எழுந்து கழிவறைப் பக்கம் போய் எடுத்தாள்.

அங்கே நள்ளிரவு தாண்டியும் பிள்ளை படுக்கவில்லை. அப்பா வந்திட்டாரா, உள்ளே வந்திட்டாரா என்று இரண்டுதரம் கேட்டாள். பிறகு இழுத்து இழுத்து, நாலாம் நாள் கோயிலைப் பற்றித் தாய்க்கு முந்தியே சொன்னதை ஒருதரம் நினைப்பூட்டினாள். அந்தக் கோயிலில் பூசை வைக்கிறவர் நவோக்கியின் தகப்பன். மரம் பார்க்க வருகிற மாதிரி அப்பா வரட்டும், சாமிக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒருதரம் சேர்ந்து நிற்கட்டும் என்பதுதான் திட்டம்.

"அம்மா, வன் திங். நவோக்கியின்ர அப்பா உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவர். ரீசென்ட்டா எங்கட ஃபமிலியில ஆரும் செத்தவையோ? நெருங்கின ஆக்கள் செத்தா அம்பது நாள் கோயில் வாசலுக்குள்ள வரக்கூடாதாம். அப்பிடி எண்டா வேற நாள் வைப்பம் எண்டவர்."

"இல்லைப் பிள்ளை," என்றாள் தங்கேஸ்வரி. "ஒருத்தரும் இல்லை."

போனை வைத்தாள். புருஷனை ஏமாற்றுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை, முப்பத்திமூன்று வருசக் குடும்பத்தில் எத்தனையோதரம் செய்ததுதான். இது வேறு. இன்னொருவருடைய சாமியின் வாசலுக்குள், கேட்டுத் தெளிந்த பிறகும், துடக்கோடு காலடி வைக்கிற காரியம். தெரிந்த தெய்வமென்றால் காலைப் பிடித்து அழலாம். தெரியாத தெய்வத்திடம் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது? பெரியப்பா மகன் நெருக்கமோ தூரமோ என்று ஜப்பான் முறையில் அவளுக்குத் தெரியாது. தன் முறையில் தெரியும். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் மகள் வாழப்போகிறாள்.

மகளுக்கு மட்டும் சொல்லிக் கோயிலைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். நாளைக்கே இவருக்கு எந்த வழியாலும் செய்தி வரும். அப்போது தாயும் மகளும் சேர்ந்து ஏமாற்றினவர்கள் என்றாகிவிடும். மூன்று வருசம் மூடிக் கிடந்த கதவு பிறகு இந்தச் சென்மத்தில் திறக்காது. மணி பன்னிரண்டு பத்து. தங்கேஸ்வரி முகத்தைக் கழுவினாள். போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ. ஒஷாவா அண்ணை விடிய மோசம் போட்டாராம். எட்டரைக்குக் கிருபன் எடுத்தவன்."

அவர் பட்டியலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. காதில் விழவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

"என்னத்துக்கு மறைச்சனீர்?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியளோ?"

அவர் எழுந்தார். கடதாசியை நாலாக மடித்தார். மேல்கோட்டை எடுத்தார். கைப்பெட்டியின் பிடியை இழுத்து நீட்டிக்கொண்டு, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். தங்கேஸ்வரி பின்னால் ஓடவில்லை. முப்பத்திமூன்று வருசம் ஓடினது போதும் என்றிருந்தது அவளுக்கு.

"என்ர தம்பி செத்து நாலாம் நாள் நான் கோயிலுக்கு மரக்கறி வெட்டினனான்," என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "உங்கட துடக்குக்குப் பயந்து இண்டைக்கு நான் என்ர பிள்ளையை விடேலாது. ஆனா அந்தச் சனத்திட்டையும் பொய் சொல்லிப்போட்டன். அதைத்தான் தாங்கேலாமல் இருக்கு."

அவர் நின்றார். "எந்தச் சனத்திட்ட?"

அவள் சொன்னாள். நாலாம் நாள் கோயில் யாருடையது என்று சொன்னாள். அந்த மனிசன் என்ன கேட்டனுப்பினார், தான் என்ன சொன்னாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். விநாயகமூர்த்தி பெட்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பூசாரியோ?"

"ஓம்."

"துடக்கெண்டு அவரே கேட்டவரோ?"

"அவரே கேட்டவர். அம்பது நாளாம் அவைக்கு."

"அம்பதோ," என்றார். சாமி தெரியாத சனம் என்று மூன்று வருசமாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்த வாய்க்கு உடனே என்ன சொல்ல வரும்? எதிரில் சனம் வரிசைக்கு எழும்பத் தொடங்கியது. ஏதோ அறிவித்தார்கள், தங்கேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவன் எனக்கு மூத்தவன்," என்றார் திடீரென்று. "நான்தான் போயிருக்கவேணும். போற கிழமை போவம், வாற கிழமை போவம் எண்டு பதினெட்டு வருசம். இனி ஆரிட்டப் போறது?" கண்ணைத் துடைக்க அவர் வெட்கப்படவில்லை.

கைப்போனைக் கேட்டார். கிருபனுக்கு எடுத்தார். தான் நிற்கிற இடத்தைச் சொன்னார், செத்தவீட்டுக்கு வர முடியாததைச் சொன்னார், மன்னிச்சுக்கொள் தம்பி என்று மூன்றுதரம் சொன்னார். கிருபன் என்ன சொன்னானோ, இவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வர முடியாது என்றால் விமானம் ஏறுகிறார் என்றா, இல்லை துடக்கோடு வீட்டில் இருக்கப்போகிறார் என்றா? தங்கேஸ்வரிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. வரிசை பாதி உள்ளே போய்விட்டது.

போனை வைத்துவிட்டு அதிலேயே எதையோ தேடினார். துர்க்காவின் இலக்கம் அதில் இல்லை, மூன்று வருசத்துக்கு முந்தியே அழித்துவிட்டார். தங்கேஸ்வரியின் பக்கம் கையை நீட்டினார்.

"அவளுக்கு அடியும்."

அடித்துக் கொடுத்தாள். முதல் மணியிலேயே பிள்ளை எடுத்து அம்மா என்றாள்.

"அம்மா இல்லை. நான் அப்பா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓவசியர் வேலைக்காரருக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒஷாவாப் பெரியப்பா செத்துப்போனார். அம்மா உன்னிட்டப் பொய் சொன்னவ, அது பிழை. பூசாரி ஐயாவிட்ட உள்ளதைச் சொல்லு. அவர் பரவாயில்லை, வரலாம் எண்டு சொன்னாலும் நாலாம் நாள் எங்களாலை வரேலாது, முறை முறைதான்.

துர்க்கா அழத் தொடங்கியது தங்கேஸ்வரிக்கும் கேட்டது. இட்ஸ் ஓகே அப்பா, நான் அண்டர்ஸ்டாண்ட் பண்ணுறன், நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை என்று விக்கி விக்கிச் சொன்னாள்.

விநாயகமூர்த்தி மற்றக் கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"விசரி, கோயிலுக்குத்தானே வரேலாதெண்டனான். என்ர பிள்ளையைப் பாக்கிறதுக்கு எனக்கென்ன துடக்கு?"