உச்சி மூணு

வெல்டருக்குக் கண் போய்விட்டது. முழுசாக இல்லை, ஆள் தெரியும், முகம் தெரியாது. இத்தனை வருஷம் நெருப்பு தின்றது போக மிச்சம் அவ்வளவுதான். ஒப்பந்தக்காரன் வயதில் சின்னவன். இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டான்.

"அண்ணே, இனிமே உங்க கைல ராடு குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. கிடங்கு வாசலுக்கு வளைவு ஒண்ணு குறிச்சு வளைச்சுக் குடுங்க. சரியா நின்னா குறிக்கிற வேலை உங்களுக்கு. இல்லன்னா வீட்டோட இருந்துக்குங்க."

காலுக்குக் கால் நாலு மீட்டர், உச்சி மூணு என்றான்.

பெண்டாட்டி சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலி. சாயங்காலம் வந்ததும் வராததுமாக சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளைவின் உயரம் பூஜ்ஜியமாகும் இடம் ரெண்டு, அதாவது ரெண்டு கால்கள்: 0, 4. இடது காலிலிருந்து தள்ளிப் போகும் தூரம் x என்றால் காரணிகள் x, 4 − x. ரெண்டையும் பெருக்கினால் பல்லுறுப்புக் கோவை தயார் என்று x(4 − x) எழுதினாள். நடுவில், x ரெண்டாகும்போது, உயரம் நாலு வந்தது.

"நாலா? வானத்துக்கா வாசல் வைக்கிறோம்? உச்சி மூணுதான்டி."

கால் ரெண்டும் எங்கே என்று மட்டும் தெரிந்தால் உயரம் முடிவாகாது, அதை ஒரு எண்ணால் பெருக்கி இறக்கணும் என்று சொல்லி முன்னால் முக்கால் போட்டாள். நடுவில் மூணு. ஒரு மீட்டர் தள்ளி ரெண்டேகால். கல்யாணமாகி இவ்வளவு குஷியாக அவளை அவன் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, குரலில் கேட்டான்.

அந்த அளவுக்கே புள்ளி வைத்து, குழாயை வெட்டி வளைத்தான்.

கிடங்கு வாசலில் வளைவைத் தூக்கி நிறுத்தியதும் பின்னால் சிரிப்புக் கேட்டது. "லாரி முட்டி போட்டுத்தான் உள்ள வரணும்" என்றான் ஒருவன். ஒரு மீட்டர் குட்டை.

வெல்டர் பக்கத்திலிருந்த கிடங்குத் தூணைத் தடவினான். இடுப்புயரத்தில் விரல் கோட்டில் பட்டது. அங்கே தரை மேடு பள்ளம் என்பதால், ஒவ்வொரு தூணிலும் ஒரு மீட்டர் உயரத்தில் கோடு கீறியிருப்பார்கள். எந்த உயரத்தையும் கோட்டிலிருந்துதான் சொல்வார்கள். மூணு என்றால் கோட்டுக்கு மேல் மூணு. தன் பேர் மாதிரி தெரிந்த விஷயம். அதனாலேயே வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

வெட்டின குழாய் நீளாது. ஒப்பந்தக்காரன் திட்டவில்லை. "பாத்துப் போங்கண்ணே" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னான். அவள் தரையில் கிடந்த கணக்கைப் பார்த்தாள்.

"அப்ப முதல்ல வந்த நாலுதான் சரியா?"

"ம்."

"தரைலேர்ந்துதான் மூணான்னு நானாவது கேட்டிருக்கலாம்."

ஈரத்துணி தரையில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் நின்றும் போனது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேங்க" என்றாள். முக்கால் மட்டும்தான் போயிருந்தது. மிச்சம் அவன் காலடியிலேயே வெள்ளையாகக் கிடந்தது.