வெள்ளிக்கிழமை மார்ஜின்

எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகாது. உள்ளே வரலாம், மூட்டை கட்டிக்கொண்டு வந்தாலும் மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். சம்பளம், கரன்ட் பில், சூரத் வியாபாரிக்குப் பாக்கி எல்லாம் வியாழக்கிழமையோடு சரி. தி.நகரில் ஐந்து மாடி வைத்திருக்கும் 'தங்கபுஷ்பம் சில்க்ஸ்' மகாலட்சுமியின் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறது. அதன் நிதி நிர்வாகி நான். பெயர் தீபிகா, சி.ஏ. முடித்தவள், முதலாளி ஜவஹரின் இளைய மருமகள். வெறும் வேலை என்றால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். மருமகளுக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது.

ஆனாலும் கிளம்பத்தான் இருந்தேன். தனியாக ஆபீஸ் போட அடையாறில் ஒரு மாடி அறை பார்த்து வைத்திருந்தேன். கீழே மருந்துக்கடை, மேலே என் பெயர்ப்பலகை. கல்யாணத்துக்கு முன் ஆடிட் ஆபீஸில் சம்பாதித்ததும், அப்பா ஆதம்பாக்கம் மனையை விற்று எனக்கென்று கொடுத்ததும் சேர்ந்து நாற்பது லட்சம் என் கணக்கில் இருந்தது. அந்த அறையும், அதில் நான் யாரையும் 'மாமா' என்று கூப்பிடாமல் உட்கார்ந்து வேலை பார்ப்பதும் அந்தப் பணத்தை நம்பித்தான். விஷயம் என் கணவர் பாலகணேஷுக்கு மட்டும் தெரியும். "திங்கக்கிழமை அட்வான்ஸ் குடுத்துரு தீபி. அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லியிருந்தார்.

குறுக்கே வந்தது டாலர். ஐந்தாவது மாடி கட்டும்போது, ரூபாய்க் கடனை டாலர் கடனாக மாற்றிக்கொண்டால் வட்டி மூன்று சதவீதம் குறையும் என்று பேங்கில் ஆசை காட்டினார்கள். மாமா அந்த மூன்று சதவீதத்தைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிப் பூரித்தார். நாங்கள் புடவை விற்பது ரூபாயில், திருப்பிக் கட்டுவது டாலரில். ரூபாய் சரிந்தால் வட்டியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அசலில் போய்விடும். அந்த வட்டியும் நிலையானதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்; அமெரிக்காவில் ஏறியிருந்தால் இங்கேயும் ஏறும். என்ன விலைக்கு டாலர் வாங்கப்போகிறோம் என்பதை இப்போதே பேங்கோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம், ஃபார்வர்டு என்பார்கள். அதற்குச் செலவு உண்டு.

"எம்புட்டு ஆகும்?" என்று மாமா கேட்டார்.

"வருஷத்துக்கு ரெண்டரை பர்சன்ட் மாமா."

"அப்ப நான் மிச்சம் பிடிச்சது?"

"அரை பர்சன்ட்தான். பாக்கியெல்லாம் நம்ம தலையில ரிஸ்க்கைத் தூக்கி வச்சதுக்கு அவங்க குடுக்கற கூலி."

"திருடனே வரல, நாய்க்கு மட்டும் தினம் சோறு போடச் சொல்லுதியேம்மா" என்று சிரித்துவிட்டு எனக்குக் காபி வரவழைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடனுக்கு டைரக்டர் என்ற பெயரில் நானும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நான் அட்வான்ஸ் கொடுக்க இருந்த திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலையிலிருந்தே ரூபாய் சறுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் பெரிய தவணை. மத்தியானம் பேங்கில் அந்நியச் செலாவணி பார்க்கிற ஸ்ரீநாத் போன் செய்தார்.

"மேடம், உங்க லிமிட் பத்தாது. நாப்பது லட்சம் மார்ஜின் வெச்சா இப்பவே ரேட்டைப் புக் பண்ணித் தரேன். மூணரைக்கு மார்க்கெட் மூடிடும். திங்கக்கிழமை எங்க திறக்கும்னு கபாலீஸ்வரருக்குத்தான் தெரியும்."

நான் மாமாவின் அறைக்கு ஓடினேன். அவரும் போனில் டாலர் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நாய், சோறு எதுவும் வரவில்லை.

"போட்டுரும்மா. திங்கக்கெழம மொத வேலையா போட்டுரு."

"இன்னிக்கே போடணும் மாமா."

"இன்னிக்கு வெள்ளில்லா."

"மாமா, ரெண்டு நாள்ல லட்சக்கணக்கில போயிடும்."

"போகட்டும். இந்தக் கடையில வெள்ளிக்கெழம கல்லாவ விட்டு ஒத்த ரூவா வெளிய போனதில்ல. என் காலத்துல அது நடக்காது." பிடிவாதமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கடை மூழ்கினால் ஜாமீன் என்னைத் தேடிக்கொண்டு அடையாறுக்கும் வரும், மருந்துக்கடைக்கு மேலே மாடிப்படி ஏறி வரும். மார்ஜின் என்பது ஈட்டுப் பணம்தான், எங்கும் போய்விடாது, தவணை கட்டி முடிந்ததும் பேங்க் விட்டுவிடும். ஒரு மாதத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணக்கிலிருந்து நாற்பது லட்சத்தைக் கடையின் மார்ஜின் கணக்குக்கு அனுப்பினேன். ஸ்ரீநாத் ரேட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ரூபாய் தடாலென்று விழுந்துதான் திறந்தது. அந்த வாரம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் செய்ததைச் சொன்னதும் மாமா கண் கலங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகாதது மட்டுமில்லை, மருமகள் கையால் உள்ளே வேறு வந்திருக்கிறது. அவருக்கு அது கணக்கு இல்லை, சாமி காரியம். அடையாறு அறைக்காரர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் நாட்களை எண்ணவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

தவணை கட்டிய மறுநாள், அதுவும் வெள்ளிக்கிழமை, பூஜைக்குக் குடும்பமே கடையில் கூடியிருந்தது. மாமா ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெற்றிலை, பாக்கு, மல்லிகைப் பூ, பூவுக்கு அடியில் சில காகிதங்கள்.

"ஒன் பணத்த அப்படியே திருப்பிக் குடுத்தா ஒன்னய மூணாம் மனுசி ஆக்குன மாதிரில்லா" என்றார். "அதான் அம்புட்டையும் ஒன் பேர்ல ஷேரா மாத்தச் சொல்லிட்டேன். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இனி நீ மருமக மட்டும் இல்ல, இந்தக் கடைக்கு முதலாளி."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் கம்பெனி விதி எனக்கு மனப்பாடம். குடும்பத்தில் எல்லோரும் சம்மதிக்காமல் ஒரு ஷேரைக்கூட வெளியே விற்க முடியாது. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் விற்கச் சம்மதித்ததே கிடையாது.

பக்கத்தில் நின்ற அத்தை தங்கபுஷ்பம் என் தோளைத் தொட்டார். "எம் பேரக் கடைக்கு வச்சாவ. எனக்கு ஒரு ஷேர் வச்சதில்ல. நீ குடுத்து வச்சவ தாயி." அதில் பொறாமை துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை மாமா. என் கையை விட்டுப் பணம் போகக்கூடாதே" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங் கையி, எங் கையின்னு ரெண்டா இருக்கு? கல்லா ஒண்ணுதானம்மா!"

நான் பாலகணேஷைப் பார்த்தேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொன்னவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நானும் பார்த்ததில்லை. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். போடும்போதே அழுகை வந்துவிட்டது.

"பாருங்க, பிள்ளைக்கு ஆனந்தத்துல கண்ணு நிறைஞ்சிட்டு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே அத்தை தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.