பதினெட்டு என்று எழுதியவள்

"பொண்ண ஒரு தடவ பாத்துட்டுப் போய்டறேன்" என்றாள் கிருபாவதி.

மங்கம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை. "இன்னிக்கு வேணாங்க டீச்சர். நலங்கு வெச்சிட்டோம்."

அவள் தோளுக்குப் பின்னால், அரை இருட்டில், மஞ்சள் பூசிய முகம் ஒன்று தெரிந்தது. பூங்கோதை. பதினான்கு வயது. ஒரு வாரமாக லேஸ் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மலையேறி வந்திருந்தாள் கிருபாவதி.

பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா அர்ச்சுனன் கையைத் துடைத்தபடி வந்தான். "நாளைக்குக் காலைல கல்யாணம் டீச்சர். உங்ககிட்ட சொல்லத்தான் இருந்தேன்."

"சின்னப் பொண்ணுங்க அண்ணா! பதினாலுதான் ஆவுது. கேஸாயிடும்."

அவன் கோபப்படவில்லை. உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினான். லேஸ் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ். பெயர் பூங்கோதை. வயது பதினெட்டு. கீழே கிருபாவதியின் கையெழுத்து.

"மாப்ள வூட்ல மொதல்ல பயந்தாங்க. நீங்க எழுதிக் குடுத்தத காட்னப்புறம்தான் ஒத்துக்கினாங்க" என்றான். கிண்டலில்லை. நன்றியோடுதான் சொன்னான்.

கிருபாவதி மலையடிவாரத்து ஆலங்காயத்துக்காரி. தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸைக் கன்னியர் மடத்தில் கற்றவள். கூடக் கற்றவர்கள் எல்லாரும் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மலையில் ஒரு பயிற்சித் திட்டம் வந்தபோது இவள் ஓடி வந்து சேர்ந்தாள். ஆனால் பெரியவர்கள் சாமை அறுக்கப் போனார்கள், காப்பித் தோட்டத்துக்கு லாரி ஏறினார்கள். வகுப்புக்கு வந்தது பிள்ளைகள்தான். திட்டமோ பதினெட்டு நிரம்பியவர்களுக்கு மட்டும்.

"எல்லாருக்கும் பதினெட்டுனு போட்டுடுங்கம்மா. இல்லன்னா சென்டர மூடிடுவாங்க" என்றார் மேற்பார்வைக்கு வந்தவர். இந்த வேலை இன்னும் நாலு பேர் கையில் பிழைத்துக் கிடக்கட்டும் என்று அவளும் எழுதினாள். பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே வயதாகிவிட்டது.

அவர்களில் பூங்கோதையின் கைதான் கை. பின்னல் தப்பினால் மற்றதுகள் மாதிரி அழமாட்டாள். அவிழ்த்துவிட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

கிருபாவதி சிக்னல் கிடைக்கும் மேடுவரை நடந்துபோய், குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

மறுநாள், தாலி கட்டுவதற்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. அருணா என்ற அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். அர்ச்சுனன் சான்றிதழை நீட்டினான்.

"ஸ்கூல் ரெக்கார்டு இல்லையா?"

"மூனாங் கிளாஸோட நின்னுட்டா மேடம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, ஸ்கூலும் லீவு."

அருணா பெண்ணின் பக்கம் குனிந்தாள். "பயப்படாதம்மா. உன் வயசு என்ன?"

பூங்கோதை நிமிர்ந்தாள். கூட்டத்தில் டீச்சரைத் தேடிக் கண்டுபிடித்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"பதினெட்டுங்க மேடம்."

யாரும் அவளை மிரட்டியிருக்கவில்லை. ஆய்வுக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் அப்படிச் சொல்லும்படி, வரிசையில் நிற்கவைத்துப் பழக்கியவள் கிருபாவதிதான். சரியாகச் சொன்னேனா என்பதுபோல் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பொய் மேடம்." கிருபாவதி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். மறுபடியும் சொன்னாள். "நான் சொல்லிக் குடுத்த பொய். சர்டிபிகேட்டும் பொய். பதினாலுதான்."

மங்கம்மாள் பாய்ந்து வந்தாள். "எழுதும்போது தெரியலியா டீச்சர், எம் பொண்ணு சின்னப் புள்ளன்னு?"

கிருபாவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எழுத்துல குடுப்பீங்களா? உங்க மேலயும் கேஸ் வரும்" என்றாள் அருணா.

"குடுக்கறேங்க."

கல்யாணம் நின்றது. பூங்கோதையைக் காப்பகத்துக்கு அழைத்துப்போக ஜீப்பில் ஏற்றினார்கள். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா சொல்ட்டனா டீச்சர்?"

"இல்லடா கண்ணு. நீ தப்பே செய்யல."

அன்று மாலை பயிற்சி மையத்தில் அருணா பதிவேட்டை விரித்து அவள் முன்னால் வைத்தாள். இனி இங்கே யாரும் பிள்ளைகளை அனுப்பப் போவதில்லை என்று கிருபாவதிக்குத் தெரியும். ஒவ்வொரு பதினெட்டாக அடித்து, பக்கத்தில் உண்மையான வயதை எழுதினாள். பதின்மூன்று. பன்னிரண்டு. பதினான்கு.

ஏழாவது பெயரில் பேனா நின்றது. கலைவாணி.

"இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ?"

"பதினஞ்சுங்க."

"இப்ப எங்க இருக்கா?"

"மாமியா வூட்ல. தை மாசம் கல்யாணம் ஆச்சு. இப்ப வயித்துல ஏழு மாசம்." பதினெட்டின் மேல் கோடு போட்டாள்; காகிதம் கிழிந்தது. "புள்ளைங்க எல்லாம் சேந்து அவ பொடவைக்கு லேஸ் பின்னிக் குடுத்துதுங்க. நானும் போயி, பந்தியில ஒக்காந்து சாப்ட்டுட்டு வந்தேன் மேடம்."