பதில் வரும்வரை

மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான், ஒரு மேசை, யாரும் தொடாத டீ. சண்டையைத் தீர்த்து வைப்பது என் தொழில் என்றால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். டிவி ரிமோட்டுக்கு நடக்கும் சண்டையைக்கூட அங்கே என்னால் தீர்க்க முடிந்ததில்லை.

இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். மச்சானின் தங்கையைக் கட்டியவர் மாப்பிள்ளை. வருடக்கணக்காக ஒரே ஜோடியாக வேலை செய்தவர்கள். போன மாதம் மாப்பிள்ளை லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் இறங்கியிருந்தார். மச்சான் உச்சியில் மோட்டார் அறையில். மேலே இருப்பவர் கூப்பிட்டுச் சொல்லி, கீழிருந்து பதில் வந்தபிறகுதான் சுவிட்சைப் போடவேண்டும். மச்சான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்ட் இறங்கியது. மாப்பிள்ளை குழியின் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டதால் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. வேலையை விட்டு, மனைவியோடு வேறு ஊருக்கே போய்விடுவதாக மாப்பிள்ளை இப்போது சொல்லிவிட்டார். அதற்குமுன் ஒருமுறை முயன்று பாருங்கள் என்று கம்பெனியில் என்னை அழைத்திருந்தார்கள்.

என்னிடம் இருப்பது ஒரே விதி. எதிராளி சொன்னதை அவர் “ஆமா, அதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் நீங்கள் சொல்லவேண்டும். அதுவரை உங்கள் கதைக்கு இடமில்லை. கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்யும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்: “சுவிட்ச் போட்டதக்கூட விட்டுடலாங்க. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தப்ப, நான் குழிக்குள்ள சுருண்டு கிடந்தத மச்சான் நடிச்சுக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டியும் சிரிச்சா.”

நான் மச்சானைப் பார்த்தேன்.

“சுவிட்ச் விஷயத்துல கோவமா இருக்காரு,” என்றார் அவர்.

“இல்ல,” என்றார் மாப்பிள்ளை.

“விளையாட்டுக்குச் சொன்னத பெருசு பண்றாரு. நான் யாரத்தான் கிண்டல் பண்ணல?”

“அது உங்க கதைங்க. அவர் சொன்னதச் சொல்லுங்க.”

மச்சான் விருட்டென்று எழுந்தார். நான் நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். “டீ ஆறிடுச்சு. வேற சொல்லட்டுமா?” என்றேன். எனக்கும் எரிச்சல்தான், வயிற்றில் பசி வேறு. ஆனால் இந்த அறையைவிட்டு இப்படியே போனால் ஒரு தங்கை அண்ணனை இழப்பாள் என்று தெரிந்தது. விடுவதாக இல்லை. அவர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இன்னொரு முறை முயன்றார், தவறினார். மறுபடியும் தவறினார். ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ஆனா’ வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் மேசையைப் பார்த்துச் சொன்னார். “சாகப்போறோம்னு அவரு பயந்து கிடந்தாரு. அத வச்சு நான் அவரு பொண்டாட்டியவே சிரிக்க வச்சேன்.”

இந்தமுறை ‘ஆனா’ வரவில்லை.

“ஆமா. அதுதான்,” என்றார் மாப்பிள்ளை.

இனி மச்சானின் முறை. “லிஃப்ட் இறங்கினப்புறம் மேலருந்து கத்திக் கத்திக் கூப்பிட்டேன். சத்தமே இல்ல. தங்கச்சிகிட்டப் போய் என்னன்னு சொல்லுவேன்? படிய மூணு மூணா தாண்டி ஓடி வந்தேன். அன்னைக்கு சிரிக்காம இருந்திருந்தா, எல்லார் முன்னாடியும் அழுதிருப்பேன்.”

மாப்பிள்ளை சுவரை விட்டு மச்சான் பக்கம் திரும்பினார். பிறகு, “மச்சானும் பயந்துட்டாரு,” என்றார்.

“ஆமா.”

கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. “ஊருக்குப் போறது போறதுதான்னு வச்சிருக்கேன்,” என்றார் மாப்பிள்ளை. “இந்த பில்டிங் லிஃப்டும் சர்வீஸுக்கு நிக்குது. மச்சான் மேல நிக்கட்டும், ஒரு தடவ குழில இறங்கிப் பாக்குறேன். அப்புறம் சொல்றேன்.”

நான் மச்சானோடு மோட்டார் அறைக்கு ஏறினேன். கிரீஸ் வாசனை. கீழே வேலை முடியும் நேரம்வரை அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வாக்கி டாக்கியை வாயருகே வைத்தார்.

“மாப்பிள்ளை, சுவிட்ச் போடப் போறேன். வெளிய வந்தாச்சா?”

கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. மச்சான் கேள்வியை இன்னொருமுறை சொன்னார். பிறகு சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த வலதுகையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாக்கி டாக்கியையே பார்த்தபடி நின்றார்.